கவிதா ஒசாகா புறப்படும் முன்

மயிலாப்பூர், சென்னை.

அன்புள்ள சண்முகம்,

நாங்கள் நலம். கவிதாவுக்கு ஜப்பானில், ஒசாகாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் கமலா பால்பாயசமே வைத்துவிட்டாள். காய்ச்சல், தலைவலி என்று வந்தால் பிள்ளை அங்கே என்ன செய்வாள் என்று கேட்டிருந்தாய். என் மகன் அங்கே படித்த மூன்றாண்டுகளில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன்.

நம் ஊரில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்க வேண்டுமானால், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற வேண்டும். எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்கு அந்த அட்டையால்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் அவருடைய சர்க்கரை மாத்திரைக்கு அது உதவவில்லை. ஜப்பானில் யாரும் உன் வறுமையைக் கேட்பதில்லை. 1961 முதல் அங்கே குடியிருக்கும் எல்லாரும் ஏதாவது ஒரு பொதுக் காப்பீட்டில் இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவருக்கும் இதே விதிதான். கம்பெனியில் வேலை செய்பவருக்கு முதலாளி பாதிச் சந்தா கட்டுகிறார். மாணவர்கள், தனித்தொழில் செய்வோர் முதலியோர் தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர்கிறார்கள்.

ஆகவே கவிதா வீடு பார்த்துக் குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிந்து, அங்கேயே காப்பீட்டிலும் சேர்ந்துவிட வேண்டும். தாமதித்தால் லாபமில்லை, குடியேறிய நாளிலிருந்தே சந்தாவைக் கணக்கிட்டு வாங்கிவிடுவார்கள். முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்தே சந்தா போடுவதால் முதல் ஆண்டில் அது சொற்பமாகத்தான் இருக்கும். இதில் என் மகன் ஒரு தவறு செய்தான். இரண்டாம் ஆண்டு, வருமானமே இல்லையே, எதற்கு எழுதிக் கொடுப்பது என்று வருமானப் படிவத்தை மேசையிலேயே போட்டு வைத்திருந்தான். வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகை கிடைக்காமல் முழுத் தொகைக்கும் சீட்டு வந்துவிட்டது. பூஜ்ஜியம் என்றாலும் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும். இதை அவளிடம் இரண்டு தடவை சொல்லு.

செலவில் 30 விழுக்காட்டை நோயாளி கொடுத்தால் போதும், மீதி காப்பீட்டின் பொறுப்பு. மகனுக்குக் கடைவாய்ப்பல்லில் வலி வந்தபோது கொடுத்த ரசீதைப் படமெடுத்து அனுப்பினான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் எதிரே புள்ளிகள் போட்டிருந்தார்கள். ஒரு புள்ளிக்குப் பத்து யென், நாடு முழுவதும் ஒரே விலை. பெரிய மருத்துவமனை என்பதற்காக எக்ஸ்ரேவுக்குக் கூடுதலாக வாங்க முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவு வந்தாலும், மாதம் இவ்வளவுக்கு மேல் நோயாளி கொடுக்க வேண்டாம் என்று வருமானத்துக்கேற்ற உச்சவரம்பு உண்டு. தடுப்பூசியும் அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையும் இதில் சேராது.

2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டையைப் புதிதாக வழங்குவதில்லை. மைநம்பர் என்ற, நம் ஆதார் போன்ற அடையாள அட்டையையே மருத்துவமனையில் காட்ட வேண்டும். அது கைக்கு வரும்வரை நகராட்சி தரும் காப்பீட்டுத் தகுதிச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லு. படிப்பு முடிந்து திரும்பும்போதும் அதே அலுவலகத்தில் சொல்லிச் சந்தாவை நேர்செய்துவிட்டே விமானம் ஏற வேண்டும்.

புறப்படும் தேதியை எழுது. விமான நிலையத்துக்கு நானும் வருகிறேன்.

என்றும் அன்புடன்,
ராகவன்