வெந்நீர்ப் பை நினைவிருக்கிறதா, மணி?

அன்புள்ள மணி,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, தப்புதான். அம்மா நலம். சின்னவன் வேலையில் சேர்ந்துவிட்டான். மற்றதெல்லாம் நேரில்.

நேற்று கோபால் பேசினான். சர்க்கரை நோயால் உன் பாதம் மரத்துப்போகிறதாம், யாரோ அல்ட்ராசவுண்ட் வைத்தால் ரத்தக்குழாயே புதுசாகிவிடும் என்றார்களாம், நீயும் கிளம்பிவிட்டாயாம். கணக்குப் பரீட்சைக்கே குறுக்குவழி தேடினவனாயிற்றே நீ!

அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காகச் செல்கள் ஒட்டியிருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவது அவைதான். அந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்கு 1998-இல் மூன்று பேருக்கு நோபல் கிடைத்தது. சர்க்கரை ஏறியே கிடந்தால் சுரப்பு குறையும், செல்கள் நலியும். இன்னொன்று, ரத்தம் உரசி ஓடுவதை இந்தச் செல்கள் உணர்கின்றன, உணர்ந்ததும் கூடுதலாகச் சுரக்கின்றன. அப்படியானால் அல்ட்ராசவுண்டின் மெல்லிய ஒலியதிர்வும் இவற்றைத் தட்டி எழுப்புமா? தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்களைச் சர்க்கரை மிகுந்த திரவத்தில் வளர்த்து இதைத்தான் சோதிக்கிறார்கள். படிக்கப் படிக்க ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு. அவ்வளவு அழகான கேள்வி அது.

ஆனால் தட்டில் வளரும் செல் வேறு, உன் கால் வேறு. எலும்பு முறிவுக்கு இந்த மெல்லிய ஒலியை அமெரிக்காவில் 1994-லேயே அனுமதித்தார்கள், தினம் 20 நிமிடம். 2016-இல் ஐநூறு பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், கால் எலும்பு அதனால் சீக்கிரம் கூடவில்லை. ஆய்வகத்தில் நம்பிக்கை தந்த ஒன்று மனிதரிடம் வந்ததும் இப்படி நின்றுபோவதுண்டு.

என் பயம் அதைவிடப் பெரிது. பிசியோதெரபியில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி திசுவைச் சூடேற்றக்கூடியது. சுட்டால் “போதும்” என்று நீ சொல்வதைத்தான் அவர்கள் நம்பியிருப்பார்கள். சூடே தெரியாத பாதம் எப்படிச் சொல்லும்? அப்பாவுக்கு வெந்நீர்ப் பை வைத்தோமே, நினைவிருக்கிறதா? கொப்புளத்தை முதலில் பார்த்தவன் நீதானே. அவர் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் சர்க்கரை டாக்டரிடம் காலைக் காட்டு. நைலான் இழையால் தொட்டு உணர்வைப் பார்ப்பார்கள், பாதத்தில் நாடி பிடிப்பார்கள், தேவைப்பட்டால் ரத்த ஓட்டத்தை ஒலியால் பார்க்கும் டாப்ளர் எடுப்பார்கள். உனக்கு இப்போது வேண்டிய அல்ட்ராசவுண்ட் அதுதான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை எவ்வளவு என்று எனக்கு எழுது, மறைக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சேர்ந்தே போவோம். அதுவரை வெறுங்காலோடு நடக்காதே.

உன்,
சேகர்