எந்த முடிவு எந்த மேசையில்? பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா மாவட்டப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சபை அலுவலகத்துக்குப் போகிற தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அடிக்கடி கேட்டுவிட்டு வருகிற பதில், "கமிட்டிக்குப் போயிருக்கு" என்பதுதான். எந்தக் கமிட்டி, அதில் யார் இருக்கிறார்கள், அவர்களே முடிவெடுப்பார்களா, இல்லை சிபாரிசு மட்டும்தானா என்று கேட்டால் முன்மேசையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. உறுப்பினர்களில் பலருக்கே தெரியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

சபை தன் அதிகாரத்தைக் குழுக்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மாதம் ஒருமுறை கூடுகிற சபை ஒவ்வொரு வீதி விளக்குக்கும் கை தூக்கிக்கொண்டிருந்தால் ஊர் இருட்டில்தான் கிடக்கும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என்று நான்கு குழுக்களைச் சொல்கிறது. தவிசாளர்தான் சபையின் நிறைவேற்று அதிகாரி. அன்றாடக் காரியங்களைச் செயலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பார்க்கத்தான் வேண்டும். சரி, கொடுங்கள். ஆனால் எதை, யாருக்கு, எவ்வளவு தொகை வரைக்கும், எத்தனை நாளைக்குக் கொடுத்தீர்கள் என்பது எங்கே எழுதியிருக்கிறது?

மாதாந்தக் கூட்ட அறிக்கையைப் புரட்டிப் பார்த்தால் "குழு அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். ஒருவர் முன்மொழிந்திருப்பார், இன்னொருவர் வழிமொழிந்திருப்பார். அந்த ஒரு வரிக்குள்ளே எந்தத் தோட்டத்து மயானப் பாதை விட்டுப்போனது, எந்தக் கடைக்கு அனுமதி கிடைத்தது என்பதெல்லாம் அடங்கிப் போயிருக்கும். கை தூக்கியவரைப் பிறகு கேட்டால் "அது கமிட்டி பார்த்தது" என்கிறார். கமிட்டியில் இருந்தவரைக் கேட்டால் "சபை ஏற்றுக்கொண்டதுதானே" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நாங்கள் யாரிடம் போய் நிற்பது?

இதில் இன்னொரு சிக்கல். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய் 2025 மே மாதம்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்கள்தான் சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் குப்பை அள்ளியதும், உடைந்த மதகைக் கட்டியதும் அவர்கள் பொறுப்பில்தான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அப்போது அந்த மேசைக்குப் போன முடிவுகளில் எவையெல்லாம் திரும்பச் சபைக்கு வந்தன? வந்த புதிதிலேயே புது உறுப்பினர்கள் இந்தக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டாலும் தாமதமில்லை.

தோட்டப்புறத்துக்கு இது மற்ற ஊர்களை விடக் கூடுதலாக வலிக்கிற விஷயம். பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவாகாமல் முப்பது வருடம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. வரி, வாக்கு எல்லாம் எங்களிடம் வாங்கினார்கள், வடிகான் வெட்ட மட்டும் சட்டம் இல்லை என்றார்கள். 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே வருடம் இந்த மாவட்டத்தின் ஐந்து பிரதேச சபைகள் ஒன்பதாகின. அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் தனிச் சபைகளாயின. சபைக் கட்டடம் கிட்ட வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் எந்த லயத்துக் குடியிருப்புப் பாதைக்கு முதலில் கொங்கிரீட் போடுவது என்பதை இன்றைக்கும் பல இடங்களில் தோட்டத்து முகாமையாளரான துரையும் சபை உறுப்பினரும் பேசி முடித்துக்கொள்கிறார்கள். நிலம் கம்பனியின் கையில் இருப்பதால் துரையின் சம்மதம் தேவைப்படலாம். சம்மதம் கேட்பது வேறு, பட்டியலையே அவரிடம் விட்டுவிடுவது வேறு. துரைக்கு அந்த அதிகாரத்தை எந்தச் சபையும் தீர்மானம் போட்டுக் கொடுக்கவில்லை, பழக்கத்தில் போய்விட்டது.

கட்டட அனுமதி இதைவிட மோசம். மண்சரிவு அபாயமுள்ள மலையில் வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட வேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும், அப்புறம் திட்டமிடல் குழு, அப்புறம் கையொப்பம். மீரியபெத்தையில் 2014 இல் நடந்த மண்சரிவைப் பார்த்தவர்கள் அந்த அறிக்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் விண்ணப்பம் எந்தப் படியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க என்ன கஷ்டம்? நுவரெலியாவும் அம்பகமுவையும் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. கொடுத்த அதிகாரங்களுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். யாருக்கு எந்த அதிகாரம், எந்தத் தொகை வரை, எந்தத் திகதி வரை என்று அதில் இருக்கட்டும். அதன் பிரதியைச் சபை அறிவித்தல் பலகையில் மட்டும் ஒட்டினால் போதாது, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடுகிற தோட்டத்துப் பெரட்டுக்களத்திலும் ஒட்டுங்கள். உத்தியோகத்தர் தன் கையால் எடுத்த முடிவுகளை மாதாந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். குழு அறிக்கையை ஒற்றை வரியில் ஏற்றுக்கொள்கிற பழக்கத்தை விடுங்கள்.

குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த இடங்களைக் கட்சிக்காரருக்கு ஆறுதல் பரிசாகக் கொடுக்காதீர்கள். கொழுந்து எடுக்கிற பெண்களைக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? ஆனால் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் அவர்களால் வர முடியாது, அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இந்தப் பதிவேட்டைக் கேட்டு ஒரு பிரேரணை கொண்டுவர உங்களில் ஒருவர் முன்வந்தால் போதும். வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒன்பது சபைகளின் தகவல் அலுவலர்களுக்கும் ஒன்பது விண்ணப்பங்கள் எழுதி வைத்திருக்கிறோம். பதினான்கு வேலைநாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாக்காளர் ஒருவர்