தேவதூதருக்கு ஆள் எடுக்கும் முன்: வன்னி முன்பள்ளி ரீச்சர்மாருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு வணக்கம்.

உங்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு சொற்பம், வேலையோ கூட என்று தெரிந்துகொண்டுதான் இன்னொன்றையும் கேட்கிறேன்.

மார்கழியில் நத்தாருக்கு ஒளிவிழா வரும். தேவதூதர் வேடம் யாருக்கு என்று பிள்ளைகளுக்கே முன்கூட்டித் தெரியும். வெள்ளையான பிள்ளைகள் தேவதூதர், கறுத்த பிள்ளைகள் இடையர். கலைவிழாவென்றால் சூரன். வன்னி மன்னன் பண்டாரவன்னியனாகக்கூட வெள்ளையான பிள்ளையைத்தான் தேடுகிறோம். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிவிட்டுக் காடு காடாகத் திரிந்த மனுசன் என்ன நிறத்தில் இருந்திருப்பார், சொல்லுங்கள்? மற்றப் பிள்ளைகளுக்குப் பவுடரை அப்பி, முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறமாக மேடையேற்றுகிறோம்.

நாலு வயதில் இதெல்லாம் விளங்காது என்பார்கள். விளங்கும். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டினார்கள். அங்கே நடந்தது இன ஒதுக்கல். இங்கே அக்காவையும் தங்கச்சியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்து, யார் வெள்ளை யார் கறுப்பு என்று சொந்தக்காரர் சொல்லும் கதை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பிள்ளை பார்த்துப் பழகுவது பெரியவர்களிடம்தான்.

"நான் ஏன் ரீச்சர் கறுப்பு?" என்று கேட்டால், "சீ, நீ கறுப்பில்லை, மாநிறம்" என்று சமாளிக்காதீர்கள். கறுப்பு கூடாது என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தோலில் மெலனின் என்று ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் இருக்கிறது, உனக்குக் கொஞ்சம் கூட, வெயில் தோலைக் கெடுக்காமல் அது காக்கும் என்று சொல்லுங்கள். வயலிலும் கடலிலும் நிற்கிற அப்பாமாரின் பிள்ளைகளுக்கு வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

படம் கீறும்போதும் அப்படித்தான். பஸ்டல் பெட்டியின் இளஞ்சிவப்பை எடுத்து 'உடம்பு நிறம்' என்று நீட்ட வேண்டாம். மண்ணிறம், மஞ்சள், கறுப்பு எல்லாம் கொடுங்கள். தன் கையைப் பக்கத்தில் வைத்துக் கலந்து பார்க்கட்டும். பஸ்டல் வீணாகும், பரவாயில்லை.

இந்த முறை தேவதூதரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். முணுமுணுக்கிற தாய்மார் இருப்பார்கள், அவர்களைப் பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கிளிநொச்சி