ரெண்டாவது கார்டின் விலை

குலசேகரம்
ஞாயிறு காலை

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். நம்ம பாஸ்கெட்பால் கிளப்பின் ரெண்டாவது கார்டை, அதாவது முதல் ஆள் உட்காரும்போது பந்தைக் கொண்டுவருகிற பையனை, பக்கத்து ஊர் டீம் மாதம் 9,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறது, அதே தொகையை நாமும் கொடுத்து நிறுத்தலாமா, இல்லை போகட்டும் என்று விடலாமா என்று கேட்டிருக்கிறாய். தோஹா வெயிலில் நின்று நீ சம்பாதிக்கிற பணம். போனில் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிட மனசு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பையனை நிறுத்து. ஆனால் 9,000 என்று சொல்லி நிறுத்தாதே.

அவன் செய்கிற வேலையை நிமிடக் கணக்கில் பார். ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நாலு குவார்ட்டர், மொத்தம் 40 நிமிடம். முதல் கார்டு நல்ல உடம்போடு இருந்தால் 28, 30 நிமிடம் ஓடுவான். மிச்சம் 10, 12 நிமிடம்தான் ரெண்டாவது ஆளுக்கு. கேட்க அற்பமாக இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். முதல் கார்டு பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்த மறுநொடி எதிரணி கோச் ஃபுல் கோர்ட் பிரஸ், அதாவது கோர்ட் முழுக்க நெருக்கிப் பந்தைப் பறிக்கிற தடுப்பு, போடச் சொல்லுவார். 8 விநாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டினதும் சைடு லைனும் நடுக்கோடும் சேர்கிற மூலையில் ரெண்டு பேர் வந்து மடக்குவார்கள். திரும்பப் பின்னால் போனால் விசில். தலைக்கு மேலே நீளமாகத் தூக்கிப் போட்டால் இடையில் பறிப்பதற்கென்றே மூன்றாவது ஆள் ஒருத்தன் நிற்பான். அந்த இடத்தில் பந்து போனால் தடுக்கப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள், நேராக லே-அப், கூடைக்கு அடியில் போய் சுலபமாகப் போட்டுவிடுவார்கள். இப்படி நாலு தடவை நடந்தால் எட்டுப் புள்ளி, அதைத் திருப்பி எடுக்கவே அடுத்த குவார்ட்டர் முழுக்கப் போய்விடும்.

இதெல்லாம் சாதாரண நாளில். முதல் கார்டுக்கு அரைநேரத்துக்கு முன்பே மூன்றாவது ஃபவுல் விழுந்தால் அவனை உட்கார வைத்தே ஆக வேண்டும், ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டே வெளியே. அன்றைக்கு 10 நிமிடம் 20 ஆகும். நம்ம போட்டிகளோ நாலு நாளில் ஐந்து ஆட்டம் என்று அடுக்கி வைக்கிறவை. முதல் ரெண்டு நாளில் முதல் கார்டைப் பிழிந்துவிட்டு செமிஃபைனலில் அவன் கால் வரவில்லை என்று அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ரெண்டாவது கார்டுக்குக் கொடுக்கிற காசின் பாதி, முதல் கார்டின் காலுக்காகக் கொடுப்பது என்று வைத்துக்கொள்.

இந்தப் பையன் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறானா? எத்தனை பாயிண்ட் அடித்தான் என்பதை வைத்து முடிவு பண்ணாதே. மேசையில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் பாயிண்டும் ஃபவுலும்தான் இருக்கும், உனக்கு வேண்டியது அதில் இல்லை. கோச்சிடம் சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டில் தனியாக எழுதச் சொல். அவன் உள்ளே போன நேரம், அப்போதைய ஸ்கோர், வெளியே வந்த நேரம், அப்போதைய ஸ்கோர். பக்கத்தில் ரெண்டு கோடு: கூட்டாளி கூடையில் போடும்படி அவன் கொடுத்த பாஸ் எத்தனை, தொலைத்த பந்து எத்தனை. ஒரு தொலைப்புக்கு ரெண்டு நல்ல பாஸ் என்று வந்தால் நம்ம மட்டத்தில் தாராளம். அவன் இருந்த பத்து நிமிடத்தில் ரெண்டு மூன்று புள்ளிதான் பின்தங்கினோம் என்றால் அவன் கூலிக்கு வேலை செய்துவிட்டான். முன்னால் போக வேண்டும் என்று பெஞ்ச் கார்டிடம் கேட்பது பேராசை.

அந்த நோட்டும் ஒரு இடத்தில் பொய் சொல்லும். நம்ம கோச்சுக்கு மூன்று பேரைச் சேர்த்து மாற்றும் பழக்கம் இருக்கிறது. கூடைக்கு அடியில் நிற்கிற உயரமான ஆட்கள், சென்டரும் பெரிய ஃபார்வர்டும், உட்கார்ந்த நேரத்தில் இவன் உள்ளே போனால் ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்புகிற பந்து, எதிரணிக்குப் போகும், ஸ்கோர் சரியும், பழி கார்டு மேல் விழும். அதனால் கூட யார் யார் இருந்தார்கள் என்றும் எழுத வேண்டும். முதல் ஐவரில் மூன்று பேராவது கூட நின்ற நிமிடங்களை மட்டும் தனியே கூட்டிப் பார்க்கச் சொல். ஆறேழு ஆட்டத்துக்கு எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இனி பணம். வருடத்துக்கு நீ கிளப்புக்கு அனுப்புவது 4 லட்சம். சம்பளம் டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதத்துக்குத்தான் பேச வேண்டும். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு என்று ரெண்டு மழையும் வாங்குகிற ஜில்லா நம்மது. சிமெண்டுத் தரையில் பாசி பிடித்தால் பிராக்டிஸே கிடையாது, அப்போது சம்பளம் எதற்கு? பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லும் 9,000 ஆறு மாதத்துக்கு 54,000. அதற்கு மேல் மேட்ச் காசு அவர்கள் தருவதில்லை. நாம் 9,000 கொடுத்தால், எல்லாருக்கும் கொடுக்கும் மேட்ச் காசு 500 வீதம் 24 ஆட்டத்துக்கு 12,000 சேர்ந்து 66,000 ஆகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம்ம முதல் கார்டு மாதம் வாங்குவது 8,000. பத்து நிமிடம் ஆடுகிறவனுக்கு 9,000 என்ற செய்தி மறுநாள் சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். பிறகு முதல் கார்டுக்கு 12,000, சென்டருக்கு 10,000 என்று வரிசையாக ஏறும்.

ஆகவே இப்படிப் பேசு. மாதம் 5,000, ஆறு மாதத்துக்கு 30,000. மேட்ச் காசு 12,000, ஆடினால் மட்டும். ஒரு ஜோடி ஷூவுக்கு 3,500. மேட்ச் நாளில் அவனுக்குப் பதில் ரப்பர் வெட்டுகிற ஆளின் கூலிக்கும் பஸ்ஸுக்கும் 2,500. அவன் கைக்குப் போவது 48,000. மேட்ச் காசு யார் ஆடினாலும் போகிற காசுதான், அதைக் கழித்தால் இவனுக்கென்று நமக்கு ஆகும் செலவு 36,000, உன் 4 லட்சத்தில் 9 சதவீதம்.

விடியற்காலையில் எழுந்து அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ. பார்க்கிறவன் நீ, அந்த 9 உனக்குப் புதிதல்ல. 2025-26 சீசனுக்கு அங்கே ஓர் அணியின் சம்பள வரம்பு 15.46 கோடி டாலர். வரம்பைத் தொட்ட அணியும் வெளியாள் ஒருத்தரை எடுக்க அனுமதிக்கிற மிட்-லெவல் விலக்கு 1.41 கோடி, அதுவும் சுமார் 9 சதவீதம்தான். நல்ல பெஞ்ச் கார்டுகள் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்தான் அடங்குவார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் மறக்காதே. அங்கே மூன்று வருடம் தன்னிடம் ஆடினவரை வரம்பைத் தாண்டியும் நிறுத்திக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு, பழைய ஆட்டக்காரர் லாரி பேர்ட் பெயரில் வழங்கும் விதி அது. ஆனால் அவரை விட்டுவிட்டால் அதே காசைக் கொண்டு வேறு ஆள் எடுக்க வரம்பு விடாது. அதனால் அங்கே கொஞ்சம் அதிகம் கொடுத்து நிறுத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. இவனுக்குப் போகாத காசு உன் பையிலேயே இருக்கும்.

பயந்துபோய் அடுத்தவர் சொன்ன விலையையே கொடுத்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு என்.பி.ஏ. அணி மயாமியைப் பார். 2016-ல் அவர்களுடைய பெஞ்ச் கார்டு டைலர் ஜான்சனுக்கு புரூக்ளின் நாலு வருடம் 5 கோடி டாலர் என்று எழுதி நீட்டியது. முதல் ரெண்டு வருடம் ஆண்டுக்கு 60 லட்சத்துக்குள், கடைசி ரெண்டு வருடம் ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி. வேண்டுமென்றே பின்பாரம் ஏற்றின வண்டி. மயாமி அதே தொகையைத் தானே கொடுத்து நிறுத்திக்கொண்டது, சம்பளம் ஏறின மூன்றாம் வருடமே அவரை ஃபீனிக்ஸுக்குத் தள்ளிவிட்டது. தள்ளிப்போட்டுக் கெட்டது டல்லாஸ். தன் கார்டு ஜேலன் பிரன்சனை நாலு வருடத்துக்குச் சுமார் 5.5 கோடியில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. 2022 கோடையில் நியூயார்க் 10.4 கோடிக்கு அழைத்துக்கொண்டு போனது. எனக்குப் பிடித்த கணக்கு பாஸ்டனுடையது. அவர்களுடைய கார்டு பெய்டன் பிரிட்சர்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சீசனுக்குப் பிறகு, 2023 அக்டோபரில், நாலு வருடம் 3 கோடி என்று முடித்தார்கள். 2024-ல் பட்டம், 2025-ல் அவருக்குச் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது. விலை கேட்க வேறு யாரும் வராதபோதே பேசி முடித்ததுதான் அதில் இருக்கிற சாமர்த்தியம். நாம் அந்த நேரத்தைத் தவறவிட்டோம், அது கமிட்டியின் தப்பு. போன மே மாதமே பேசியிருந்தால் 4,000-த்தில் முடிந்திருக்கும்.

48,000-க்கு அவன் ஏன் நிற்க வேண்டும் என்று நீ கேட்பாய். பையன் காலையில் ரப்பர் வெட்டுகிறவன். இருட்டோடு எழுந்து வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், சாயங்காலம் பிராக்டிஸுக்கு வருவது பாதித் தூக்கத்தில். இலை உதிரும் காலத்தில் வெட்டு நிற்கும், அப்போது கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் 5,000 தவறாமல் ஒன்றாம் தேதி வந்தால் அதன் மதிப்பே வேறு. தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ மேட்சுக்குப் போகிற நாளில் அவன் மரங்களை வெட்ட பதில் ஆளுக்குக் கூலியை நாமே கொடுத்துவிட்டால் அவனுக்கு நஷ்டம் இல்லை. பக்கத்து ஊர் டீமில் ஏற்கெனவே ரெண்டு கார்டு இருக்கிறார்கள், அங்கே இவன் மூன்றாவது ஆள். இதையெல்லாம் கோச் அவனிடம் எதிரணியைக் குறை சொல்லாமல் எடுத்துச் சொல்லட்டும்.

காசைவிட அவனுக்குப் பெரிதாகத் தெரிவது வேலை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் இருக்கிறது, ஆனால் ஊர்க் கோப்பைகளின் சர்டிபிகேட் அதற்குச் செல்லாது. அங்கீகாரம் உள்ள போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். மாவட்ட அணித் தேர்வுக்கு அவனை அனுப்புவோம், அந்த நாளில் கிளப் மேட்ச் வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடு. நமக்குச் செலவு சுழியம். நாளைக்கு ஒரு வங்கி டீமோ போலீஸோ அவனை எடுத்தால் சந்தோஷமாக விட்டுவிட வேண்டும், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அதையும் எழுது.

காயத்துக்கும் ஒரு வரி வேண்டும். சிமெண்டுத் தரையில் கார்டுக்கு அதிகம் மடங்குவது கணுக்கால். நம்ம ஆட்டத்திலோ பிராக்டிஸிலோ மடங்கினால் ரெண்டு மாதம் 5,000 நிற்காது, பிசியோ செலவு கிளப்புடையது. வேறு டீமுக்கு கெஸ்டாகப் போய் மடங்கினால் அவன் பாடு. இந்த வரி இல்லாமல் போனால் சண்டை வரும் இடம் இதுதான். ஒப்பந்தம் ரெண்டு சீசனுக்கு இருக்கட்டும், ரெண்டாம் சீசனில் மாதம் 5,500.

அவன் இறங்கி வராமல் ரொக்கமாகக் கேட்டால் மாதம் 6,000 வரை போ. அதற்கு மேல் வேண்டாம், போகட்டும். ஆனால் போகவிடும் முன் பதில் ஆள் கையில் இருக்க வேண்டும். 2016-ல் கிளீவ்லாந்து தன் பெஞ்ச் கார்டு டெலவடோவாவை மில்வாக்கிக்கு விட்டது, நாலு வருடம் 3.84 கோடி கேட்ட விலைக்கு விட்டது சரிதான். ஆனால் பந்து கொண்டுவர இன்னொருத்தரை முதலில் தேடி வைத்துக்கொள்ளவில்லை. 2017 பிப்ரவரி கடைசியில்தான் டெரன் வில்லியம்ஸைப் பிடித்தார்கள். நமக்கு ப்ளஸ் டூ முடித்த அந்த இடக்கைப் பையன் இருக்கிறான். வேகம் உண்டு, வலது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போக வராது, பிரஸ் போட்டால் இடப்பக்கமே ஓடி மூலையில் மாட்டுவான். தினமும் இருபது நிமிடம் வலது கையால் மட்டும் பந்தைக் கொண்டுவர வைத்து, எதிரே ரெண்டு பேரை நிறுத்திப் பழக்கினால் ரெண்டு மாதத்தில் ஆறு நிமிடத்துக்கு நம்பலாம். ரெண்டாவது கார்டு நின்றாலும் போனாலும் இந்தப் பழக்கம் நாளைக்கே தொடங்க வேண்டும் என்று கோச்சிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பக்கத்து ஊர்க்காரர்கள் சனிக்கிழமை பதில் கேட்டிருக்கிறார்களாம். நீ வியாழக்கிழமைக்குள் சொல், வெள்ளி சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்ததும் நானும் கோச்சும் அவனைப் பார்த்துப் பேசுகிறோம். முதல் மாதக் காசை ஜிபேயில் கிளப் கணக்குக்குப் போடு, நேராக அவனுக்குப் போடாதே. ஷூ அங்கே மலிவு என்றால் 9-ஆம் நம்பர் வாங்கி, லீவுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. கணுக்கால் வரை மூடுகிற மாதிரி பார். அம்மா முந்திரிக்கொத்து சுற்றிக்கொண்டிருக்கிறாள், திரும்பிப் போகிறவர் கையில் வரும்.

அப்பா