பால் உற்பத்தியாளர் சங்க ஆண்டறிக்கை: சோளத்தட்டு முதலில், திப்பி அப்புறம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். தணிக்கை முடிந்து வரவு செலவுக் கணக்கு சங்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழுவில் அதிகம் பேசியது பாலில் கொழுப்பு இறங்கியதைப் பற்றித்தான். பால் அளவு குறையவில்லை, கொழுப்பு இறங்கியதால் கைக்கு வந்த காசு குறைந்தது. கொழுப்பு பார்க்கும் மிஷினில் கோளாறு என்று சிலர் சொன்னதால் அதையும் சரிபார்த்தோம், மிஷின் சரியாகத்தான் இருக்கிறது. காரணம் கட்டுத்தரையில் இருக்கிறது.

சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இருப்பதால், கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான மரவள்ளித் திப்பி நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, கோடையில் சோளத்தட்டு (காய்ந்த சோளத் தண்டு) விலை ஏறியதும் பலர் தட்டைக் குறைத்துத் திப்பியைக் கூட்டிவிட்டார்கள். திப்பியில் பெரும்பாலும் மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. மாவுச்சத்து மாட்டின் முதல் வயிற்றில் சட்டென்று புளித்துவிடும். தட்டில் இருக்கும் நார் மெதுவாகச் செரிக்கும், அப்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். அதைவிடப் பெரிய விஷயம், நார் இருந்தால்தான் மாடு நன்றாக அசைபோடும், எச்சில் ஊறும். ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் ஊறும் அந்த எச்சிலில் இருக்கும் சோடா உப்பு வயிற்றுப் புளிப்பை முறிக்கிறது. எச்சில் குறைந்தால் மாடு தீனி எடுப்பது குறையும், சாணி நுரையோடு இளகும், நாளடைவில் குளம்பும் கெடும்.

மாட்டுப் பொங்கலன்று ஆசையாக அண்டா நிறையச் சோறு வைப்பதும் இதே கதிதான், மறுநாள் மாடு எழ முடியாமல் படுத்துவிடுகிறது, உயிரே போகலாம். கையெடுத்துக் கேட்கிறேன், ஒரு பிடியோடு நிறுத்துங்கள்.

உங்கள் மாட்டை நீங்களே சோதிக்கலாம். தீனி தின்றுவிட்டு நிழலில் படுத்திருக்கும்போது கழுத்தைக் கவனியுங்கள், கவளம் மேலே ஏறுவது தெரியும். அதை 50, 60 தடவை மென்றுவிட்டு விழுங்கினால் நல்லது, 40ஐத் தொடாமலே விழுங்கினால் நார் போதவில்லை. உறுப்பினர் ஒருவரின் ஜெர்சி கலப்பினப் பசு அப்படித்தான் அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தது. காலையில் முதலில் தட்டு, அப்புறம் திப்பி, அதையும் குறைத்து இரண்டு வேளையாகப் பிரித்து என்று மாற்றியதும் சில வாரங்களில் கொழுப்பு ஏறியது. தட்டை ஓரிரு அங்குலத்துக்கு நறுக்கினால் போதும், தூளாக்கினால் அசைபோட ஒன்றும் இருக்காது. தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல் பத்துப் பதினைந்து நாளில் மாற்றுங்கள்.

தை அறுவடையில் சோளத்தட்டை மொத்தமாக வாங்கிப் போர் போட்டு வைக்கக் குழு முடிவு செய்திருக்கிறது. எத்தனை கட்டு வேண்டும் என்று பொதுக்குழுவுக்கு முன்பே பால் ஊற்ற வரும்போது எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்