செவ்வாயின் நீருக்குச் சான்று எந்தக் கனிமம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்க் கோளில் முற்காலத்தில் நீர் இருந்தது குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி கண்ட ஹேமடைட் உருண்டைகளையே முதன்மைச் சான்றாகக் காட்டியிருந்தது. ஹேமடைட் வெறும் இரும்பு ஆக்சைடு. எரிமலைப் பாறையின் வெப்பத்தில் நீரின் துணையின்றியும் அது உண்டாகும். அந்த உருண்டைகள் நீரில் விளைந்தவை என்ற முடிவுக்கு, அவை பதிந்திருந்த படிவுப் பாறையும் அப்பாறையிலிருந்த, நீரிருந்தால் மட்டுமே உருவாகும் கனிமமான ஜாரோசைட்டும் சேர்ந்தே வலுவூட்டின.

கட்டுரை குறிப்பிடாமல் விட்ட மற்றோர் இரும்புக் கனிமமான கோதைட்டின் நிலை வேறு. 2004இல் நாசாவின் மற்றோர் ஊர்தியான ஸ்பிரிட், செவ்வாயின் கூசெவ் பள்ளத்திலுள்ள கொலம்பியா குன்றுகளில் ‘குளோவிஸ்’ என்று பெயரிடப்பட்ட பாறையில் அதைக் கண்டறிந்தது. ஓர் இரும்பு அணு, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள், ஒரு ஹைட்ரஜன் அணு என அமைந்த இக்கனிமத்தின் படிகக் கட்டமைப்பிலேயே ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி) இடம்பெற்றிருப்பதால், நீரில்லாமல் இது உருவாக வழியில்லை. கோதைட்டை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், தன் எடையில் பத்தில் ஒரு பங்கை நீராவியாக வெளியேற்றிவிட்டு ஹேமடைட்டாக மாறும். மஞ்சள் காவியைச் சுட்டுச் செங்காவி ஆக்குவதும் இதே வினைதான்.

இதைக் காணச் செவ்வாய்க்குப் போக வேண்டியதில்லை. பாறையிலுள்ள இரும்பு மழைநீரில் கரைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வீழ்படிவாகும்போது முதலில் படிக ஒழுங்கு குறைந்த ஃபெரிஹைட்ரைட் என்ற இரும்புக் கனிமமும், நாளடைவில் அதிலிருந்து கோதைட்டும் உருவாகின்றன. கேரளத்தின் அங்காடிப்புரத்தில் பிரான்சிஸ் புக்கானன் கண்டு 1807இல் லேட்டரைட் என்று பெயரிட்ட கல்லிலும், நம் ஊர்ப் பக்கத்துச் செம்புராங்கல்லிலும் கோதைட்டும் ஹேமடைட்டும் கலந்தே கிடக்கின்றன. நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்; கோதைட் கறுப்பாகக்கூட இருக்கும். மெருகிடாத பீங்கானில் உரசினால் அது மஞ்சள் கலந்த பழுப்புக் கோடிடும், ஹேமடைட் செங்கோடிடும். மாணவர்கள் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய இச்சோதனையையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளோவிஸ் பாறையிலுள்ள கோதைட், அங்கே நீர் பாறையோடு வினைபுரிந்ததைத்தான் உறுதிசெய்கிறது. அது ஏரியாகத் தேங்கிய நீரா, நிலத்தடியில் ஊறிய நீரா, எத்தனை காலம் இருந்தது என்பதையெல்லாம் இந்த ஒரு கனிமத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்