பிளாக்ஹீத் ஆட்டத்துக்கு ஒரு பாக்கி

இங்கிலாந்தின் ரக்பி சங்கமான ட்விக்கன்ஹாம் ரக்பி ஃபுட்பால் யூனியன் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1889 பிப்ரவரி 16 அன்று லண்டன் பிளாக்ஹீத்தில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்து நேட்டிவ்ஸ் அணிக்கும் நடந்த ரக்பி ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஜோ வார்பிரிக் தலைமையில் அந்த நேட்டிவ்ஸ் அணி வந்திருந்தது. பெரும்பாலும் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள், கூடவே சில வெள்ளையர். மொத்தம் 26 பேர். பயணச் செலவை வாசல் வசூலில்தான் எடுத்தாக வேண்டும். அதனால் ஆறு மாதத்துக்குள் பிரிட்டனில் மட்டும் 74 ஆட்டம் ஆடினார்கள், வாரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று! அதில் 49 வெற்றி.

அன்று இங்கிலாந்தின் ஸ்டாடர்ட்டுக்குக் கால்சட்டை கிழிந்துவிட்டது. அவர் மானத்தைக் காக்க எதிரணிக்காரர்களே சுற்றி நின்று மறைத்தார்கள். ஆட்டம் நின்றுவிட்டதென்று அவர்கள் நினைத்திருக்க, இங்கிலாந்தின் எவர்ஷெட் பந்தோடு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்து ட்ரை என்ற புள்ளியை எடுத்தார். நடுவர் ராலண்ட் ஹில் அது செல்லும் என்றார். அந்த ஹில் வேறு யாருமல்ல, உங்கள் சங்கத்தின் செயலாளர்! கோபத்தில் மூன்று பேர் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். இங்கிலாந்து 7-0 என்று வென்றது. அப்புறம் மன்னிப்பு கேட்க வேண்டியவர்களும் அந்த நியூசிலாந்துக்காரர்கள்தானாம். கேட்டார்கள். ஊர் திரும்பும்போது வழியனுப்பக்கூட நீங்கள் வரவில்லை.

இன்னொன்று. 1888இல் ஷா, ஷ்ரூஸ்பரி என்ற இரண்டு தொழில்முறை கிரிக்கெட் வீரர்கள் லாபத்துக்காக ஒரு ரக்பி அணியை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கூட்டிப்போனார்கள். ஆட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்பது அன்றைய உங்கள் அமெச்சூர் விதி. அந்தப் பயணத்தின் துணிமணிக்கு 15 பவுண்டு வாங்கிய, வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர் வீரர் ஜாக் கிளோஸைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தினீர்கள். அதே பயணத்தில் ஸ்டாடர்ட்டும் போனார், பிற்பாதியில் அவரே கேப்டன். அவர் கடைசிவரை அமெச்சூர் கனவான்தான். சம்பளம் போனால் அடுப்பு எரியாதவனுக்கு ஒரு சட்டம், குடும்பச் சொத்து உள்ளவருக்கு ஒரு சட்டமா? வேலை நாளை விட்டு ஆட வருபவருக்கு இழந்த கூலியைத் தரலாம் என்ற யோசனையையும் 1893இல் தோற்கடித்தீர்கள். இரண்டே வருடத்தில் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி இருபதுக்கும் மேற்பட்ட கிளப்கள் உங்களை விட்டுப் பிரிந்து போயின.

குடியேற்ற நாட்டார் வந்தால் உங்களுக்கு வசூலும் வேண்டும், அவர்கள் அடக்கமாகவும் இருக்க வேண்டும். அமெச்சூர் விதி இதற்கு வசதியாக இருந்தது. 1995இல் அந்த விதியே போய்விட்டது. சரி, அந்த விதியின் பெயரால் செய்தவை மட்டும் ஏன் அப்படியே இருக்க வேண்டும்?

நியூசிலாந்து ரக்பி சங்கம் இருக்கும் வெலிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 1889இல் வாங்கிய மன்னிப்பைத் திருப்பித் தருகிறோம் என்று இரண்டு வரி போதும். ஹாலிஃபாக்ஸுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு ரக்பி ரசிகர்